யோதாம் ரஸ்க்கின் பெயர்

1882 மார்ச் 14
மழை. வேலி தாண்டிய பன்றி வழக்கில் ஜெயித்தேன். மேல்சபைக்கு இந்த முறை கட்சியில் என்னையே நிறுத்தப்போகிறார்களாம். மெலியாவிடம் சொன்னால், "பெரிய மனுஷராயிட்டீங்க, பூட்ஸைத் தொடச்சிட்டு உள்ள வாங்க" என்கிறாள். மனைவியிடம் மட்டும் நான் ஜெயித்ததே இல்லை.

மார்ச் 16
பீப்பாய் செய்யும் யோதாம் ரஸ்க்கின் மனைவி கெசையா அலுவலகத்துக்கு வந்தாள். அவனுக்குக் காசம். கோடை தாண்டாது என்கிறாராம் டாக்டர். "சவப்பெட்டி மேல கொடி போர்த்தணும் கேப்டன். வேற எதுவும் கேக்கல."
ஓடிப்போன சிப்பாய்க்குக் கொடி கிடையாது. உள்நாட்டுப் போரில் நான் கேப்டனாக இருந்த படைப்பிரிவில் யோதாமும் ஒரு சிப்பாய். போரில் ஓடிப்போனவன் என்று இருபது வருஷமாக ஊரே அவனோடு பேசுவதில்லை. நானும் பேசியதில்லை.

மார்ச் 17
அவன் வீட்டுக்குப் போனேன். டென்னசியில் சண்டை முடிந்த மறுநாள் காலை, பெயர் கூப்பிட்டபோது அவன் இல்லை. 'ஓடிவிட்டான்' என்று எழுதியது நான். அவனோ காயம்பட்ட ஒருவனை முதுகில் சுமந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த மருத்துவமனைக்குப் போயிருக்கிறான். காயம்பட்டவன் பிழைக்கவில்லை. இவன் அங்கேயே காய்ச்சலில் இரண்டு மாதம் கிடந்திருக்கிறான்.
"ஏன்ப்பா, அப்பவே சொல்லல?"
"எழுதினது நீங்க. உங்க எழுத்துக்கு எதிரா என் பேச்சு எங்க எடுபடும்?"
நானெல்லாம் ஒரு வக்கீல்! ஒருத்தரைக்கூட விசாரிக்காமல் தீர்ப்பு எழுதியிருக்கேனே, சே.

ஏப்ரல் 20
நான் எழுதிக் கேட்டிருந்தபடி வாஷிங்டனிலிருந்து அந்த மருத்துவமனைப் பதிவின் நகல் வந்தது. அவன் பெயர், தேதி, எல்லாம் இருக்கிறது. நான் எழுதியது தவறு என்று நானே சத்தியம் செய்து கொடுத்தால் அவன் பெயரைத் திருத்திவிடுவார்களாம்.

ஏப்ரல் 21
கட்சிக்காரர் ஹாலிஸ் கிரேன் வந்தார். "ஜூன்ல உங்க பேரை அறிவிக்கட்டும், அப்புறம் சத்தியம் பண்ணுங்க. இப்பப் பண்ணா பழைய சிப்பாய்ங்க ஓட்டு ஒண்ணுகூட விழாது." நியாயமாகத்தான் பட்டது. மெலியாவிடம் சொன்னேன்.
"ஜூன் வரைக்கும் அவருக்கு மூச்சு இருக்குமான்னு கேட்டீங்களா?"
கேட்கவில்லை.

ஏப்ரல் 24
தவறு என்னுடையது என்று நீதிபதி முன் சத்தியம் செய்தேன். பழைய சிப்பாய்கள் சங்கத்திலும் அதையே வாசித்தேன்.

ஜூன் 3
வேறு ஆளை நிறுத்திவிட்டார்கள். வலிக்கிறது, பொய் சொல்வானேன். மெலியா என் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். இவள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருப்பேன்?

ஜூன் 11
இன்று யோதாமை அடக்கம் செய்தோம். சங்கத்து ஆட்களே வந்து கொடி போர்த்தினார்கள். பெட்டியின் முன்பக்கத்தை நான்தான் பிடிக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தானாம். "'கேப்டன் தூக்கட்டும், முதுகு ஒடியட்டும்'னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சார்" என்றாள் கெசையா.
தோள் கொடுத்தேன். கனமே இல்லை.