உன் தெரு ஏன் சுத்தமாக இருக்கிறது

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. ‘இங்கே எல்லோரும் நலம்’ என்று முதல் வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா அந்த இடத்திலேயே நின்றுகொண்டு சண்டித்தனம் செய்கிறது. நலத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்வோம்.

எதிர்வீட்டு டிரைவரின் மகன் கடல் தாண்டி நீ இருக்கும் ஊருக்கே படிக்க வருகிறான். அவன் கையில் இந்தக் கடிதத்தையும் உனக்காகத் தைத்த ஒரு சட்டையையும் கொடுத்து அனுப்புகிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், போனை எடுத்துப் பேசக்கூடாதா என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து, ‘அக்கா, அது அப்படி இல்லக்கா’ என்று ஆரம்பித்துவிடுவாய். கடிதத்துக்கு நடுவில் உன்னால் புக முடியாது பார். நான் போனை எடுக்காததற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அதற்கும் வருகிறேன்.

போன வாரம் நீ அனுப்பிய குரல் பதிவு எல்லோர் போனுக்கும் வந்துவிட்டது. டீக்கடை அண்ணன் பாட்டை நிறுத்தி, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, சத்தத்தைக் கூட்டினார். ‘போன தடவை என் பேச்சைக் கேட்டு ஓட்டுப் போட்டீங்க, ஆலை வந்துச்சு. இந்தத் தடவையும் மெம்பரையே ஜெயிக்க வைங்க, ரெண்டாவது ஆலையும் வரும், ஊரே மாறிடும்’ என்று உன் குரல் கணீரென்று கேட்டது. கேட்டு முடிந்ததும் இரண்டு மூன்று பேர் இருமினார்கள். அப்புறம் டீக்கடை அண்ணன்தான், ‘அவ்வளவு தூரம் போயி படிச்சவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போவுது’ என்று சொல்லிவிட்டு கிளாஸ் கழுவப் போனார். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

போன தேர்தலை நினைத்துப் பார். அப்போதும் இப்படித்தான் பேசி அனுப்பினாய். ‘நான் இருக்கற தெருவுல ஒரு காகிதம் கிடக்காது. குப்பையைப் பிரிச்சுப் போட்டா புதுசாப் பண்ணிடறாங்க. அதே மாதிரி ஆலை நம்ம ஊருக்கும் வரப்போவுது, மெம்பரை விட்டுடாதீங்க’ என்றாய். போன் இல்லாத வீடுகளுக்கு என் போனை எடுத்துக்கொண்டு நான்தான் வாசல் வாசலாகப் போனேன். ‘என் தம்பி பேசறான், கேளுங்க’ என்று சொல்லும்போது எனக்கு இருந்த மிதப்பு இருக்கிறதே, தலைகால் புரியவில்லை. மெம்பர், வீட்டுக்கு ஒன்றாக மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி கொடுத்தார். வாளிக்காக இந்தத் தெருவில் யாரும் ஓட்டுப் போடவில்லை, அது சத்தியம். அதன் பிடி முதல் மாதமே கையோடு வந்துவிட்டது. உன் வார்த்தைக்காகத்தான் போட்டார்கள்.

நீ ஏன் பேசினாய் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. நீ கிளம்புகிற நேரத்தில் உன் சான்றிதழ்களுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர் மெம்பர். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டியதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தம்பி, உன் நன்றிக்கடனை நீ எங்கள் ஓட்டை வைத்தல்லவா தீர்த்தாய்? குறை சொல்கிறாளே என்று நினைக்காதே. குறைதான் சொல்கிறேன். அக்கா சொல்லாமல் வேறு யார் சொல்வது?

நீ ஆலை என்றாய். வந்தது ஒரு தகரக் கொட்டகை. நம் தெருக் குப்பையை அள்ளிக்கொண்டு போவார்கள் என்றுதான் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். நம் குப்பை இன்றைக்கும் தெருமுனையில்தான் கிடக்கிறது. உன் மாமா போய்க் கேட்டதற்கு, ‘உங்க குப்பை தரமில்லைங்க’ என்று கொட்டகை மேஸ்திரி சொல்லி அனுப்பிவிட்டார். குப்பையிலும் ஒசத்தி, மட்டம் இருக்கிறது என்பதை இந்த வயதில் தெரிந்துகொண்டேன். கொட்டகைக்கு வருவதெல்லாம் துறைமுகத்திலிருந்து வருவது. கப்பலில் வந்து, லாரியில் ஏறி, கம்பி போட்டு இறுக்கிய பெரிய பெரிய கட்டுகளாக வருகிறது. கம்பியை வெட்டினால் குப்பென்று ஒரு நாற்றத்தோடு விரியும். கெட்டியான டப்பாக்களைத் தனியாக எடுத்து உருக்கி மணி மணியாக்கி விற்கிறார்கள். மெல்லிசுக் கவர்களுக்கும் சாப்பாடு வைத்த கறுப்புத் தட்டுகளுக்கும் வாங்க ஆள் கிடையாது. அவற்றைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போய் சாயங்காலம் கொளுத்திவிடுகிறார்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் புகை எங்கள் பக்கம்தான். மெம்பர் வீடு மட்டும் மேட்டில் இருக்கிறது.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நான் அங்கேதான் வேலைக்குப் போகிறேன். உன்னிடம் சொல்லக்கூடாது என்று உன் மாமாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அந்த மனிதர் ஒழுங்காகக் காப்பாற்றிவிட்டார், நானே உளறிவிட்டேன்.

தையல் போய்விட்டது, தம்பி. பள்ளிக்கூடச் சீருடை முழுக்க நம் வீட்டில்தானே தைப்பேன். வெள்ளைச் சட்டைகளைத் தேய்த்து மடித்து அடுக்கினால், மறுநாள் எடுக்கும்போது மிளகைப் பொடித்துத் தூவியதுபோல மேலே கரி. கதவைச் சாத்தினேன், ஜன்னலில் துணி அடித்தேன், பீரோவில் வைத்துப் பூட்டினேன். கரி நின்றது, நாற்றம் நிற்கவில்லை. ஒரு நாள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ‘உங்க தையல்ல ஒரு குறையும் இல்லம்மா, வாசனைதான்… பிள்ளைங்க போட மாட்டேங்கறாங்க’ என்றார். உன் மாமாவுக்கு முதுகு பழையபடிதான், கனம் தூக்க முடியாது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. எந்தக் கொட்டகை என் தையலை விரட்டியதோ அந்தக் கொட்டகைக்கே போய் வேலை கேட்டேன்.

உனக்கு அனுப்பியிருக்கிற சட்டையைப் போடுவதற்கு முன் ஒரு தடவை முகர்ந்து பார். திரும்பத் திரும்பத் துவைத்துத்தான் அனுப்புகிறேன். அக்கா மிகைப்படுத்துகிறாள் என்று தோன்றினால் உன் மூக்கைக் கேள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புது வீட்டுக்குக் குடிபோன அன்று போனைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றிக் காட்டினாயே, ஃப்ரிட்ஜைக்கூடத் திறந்து காட்டினாயே. உள்ளே மஞ்சள் மூடி போட்ட பால் டப்பா ஒன்று இருந்தது. மேலே ஒரு பசு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும். அது ஏன்டா சிரிக்குது என்று கேட்டதற்கு, ‘இங்க மாட்டுக்குக்கூடக் கவலை இல்லக்கா’ என்றாய். அன்றைக்கு நாம் எவ்வளவு சிரித்தோம்.

போன மாதம் ஒரு கட்டைப் பிரித்தபோது அந்தப் பசு என்னைப் பார்த்துச் சிரித்தது. அதே மஞ்சள் மூடி. நீ திட்டினாலும் பரவாயில்லை, எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பழக்கமே இல்லாத கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்ததுபோல இருந்தது. இதைத் தம்பி தொட்டிருப்பானோ என்று நினைத்துக்கொண்டு, கூறு கெட்டவள், புடவைத் தலைப்பால் துடைத்தேன். அப்புறம் மூடியைத் திறந்தேன். மிச்சம் வைத்த பால் கட்டியாகிப் புழு நெளிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், ‘இன்னிக்குத்தான் வந்தியா, புதுசா மூஞ்சியைத் திருப்பறே’ என்று கேட்டாள். எத்தனையோ டப்பாவைத் திறந்தவள்தான் நான். அன்றைக்கு மட்டும் என்னால் முடியவில்லை. எழுந்து குழாயடிக்குப் போய்விட்டேன்.

உன் தெரு ஏன் சுத்தமாக இருக்கிறது என்று அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். அக்கரை பச்சையாக இருக்க இக்கரை கருக வேண்டும் என்று எவரும் சொல்லித் தரவில்லை. நீ எது எதை எந்தத் தொட்டியில் போட வேண்டுமோ அப்படித்தான் போட்டிருப்பாய். சின்ன வயதிலேயே பென்சில் சீவிய தூளைக்கூடக் கையில் ஏந்திக்கொண்டு போய்க் கொட்டுகிற பிள்ளை நீ. போட்ட பிறகு அது எங்கே போகிறது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. எங்களை நீ ஏமாற்றினாய் என்று நான் சொல்ல மாட்டேன். உன்னை யாரோ ஏமாற்றினார்கள், நீ அதை நம்பி எங்களிடம் சொன்னாய், நாங்கள் உன்னை நம்பினோம்.

அந்த டப்பாவைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் மாமா பார்த்துவிட்டு, ‘என்ன, தம்பி வந்துட்டானா?’ என்று கேலி செய்தார். டப்பாவின் வாயை அறுத்துவிட்டு, அதில் பட்டன் போட்டு வைத்திருக்கிறேன். தையல் இல்லாத வீட்டில் பட்டன் எதற்கு என்று கேட்காதே.

போன் விஷயத்துக்கு வருகிறேன். நீ பந்து விளையாடப் போனால் வீட்டு வாசலில் நின்று உன்னைக் கூப்பிடுவேனே, நினைவிருக்கிறதா? தெருமுனை வரைக்கும் கேட்கும், உன் சிநேகிதர்கள் ‘சங்கு ஊதியாச்சு, கிளம்புடா’ என்பார்கள். அந்தக் குரல் இப்போது இல்லை. பேச ஆரம்பித்தால் காற்றுதான் வருகிறது, பின்னாலேயே இருமல் வருகிறது. சமையலறையிலிருந்து நான் கூப்பிட்டால் உன் மருமகளுக்குக் கேட்பதில்லை, அதனால் கரண்டியால் தட்டுகிறேன். உனக்குக் காட்ட வேண்டாம் என்றுதான் போனை எடுக்காமல் இருந்தேன். பயப்படாதே. சுகாதார நிலைய நர்ஸ் ஊசியம்மா மருந்து கொடுத்திருக்கிறார், புகையை விட்டு விலகியிருந்தால் சரியாகும் என்றார். விலகி எங்கே போவது என்று நான் கேட்டதற்கு, இன்னொரு பாட்டில் மருந்தை எடுத்துக் கையில் வைத்தார்.

இந்த ஊசியம்மாதான் இந்தத் தடவை மெம்பரை எதிர்த்து நிற்கிறார். ரெண்டாவது கொட்டகை வேண்டாம், இருப்பதில் கொளுத்துவதை நிறுத்த வேண்டும் என்கிறார். வேறு ஒன்றும் சொல்லத் தெரியாது, மேடையில் ஏறினால் இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். ரெண்டாவது கொட்டகை எங்கே வரப்போகிறது தெரியுமா? பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், சுவரை ஒட்டினாற்போல. உன் மருமகளின் வகுப்பு ஜன்னலைத் திறந்தால் அந்த இடம்தான். மேஸ்திரி எங்களை வரிசையாக நிற்க வைத்து, ‘ரெண்டாவது வரலைன்னா முதலாளி இதையும் மூடிடுவார், அப்புறம் உங்க இஷ்டம்’ என்றார். இங்கே ஒவ்வொருவருக்கும் கூலி போய்விடுமே என்ற பயம். அதற்கு மேலே உன் குரல் வேறு.

அடுத்த மாதம் ஓட்டு. நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லலாம் என்று பார்த்தேன். இரண்டு வீடு தாண்டுவதற்குள் குரல் நின்றுவிட்டது. நின்றிருக்காவிட்டாலும், ‘உன் தம்பியே வேற மாதிரி சொல்றானே’ என்றுதான் கேட்கிறார்கள்.

அதனால் கேட்கிறேன், இன்னொரு தடவை பேசி அனுப்பு. ஊசியம்மாவுக்குப் போடச் சொல் என்று நான் கேட்கவில்லை. மெம்பரைத் திட்டவும் வேண்டாம், உனக்குச் செய்தவர். ‘நான் வந்து பார்க்காமலே பேசிட்டேன். நீங்க தினமும் பார்க்கறீங்க, பார்த்ததை வச்சு நீங்களே முடிவு பண்ணுங்க’ என்று ஒரு வார்த்தை போதும். டீக்கடை அண்ணன் சத்தத்தைக் கூட்டி வைப்பார், அது ஊர் முழுக்கக் கேட்கும். கொட்டகையை மூடினால் என் கூலியும்தான் போகும். போகட்டும். கையில் தொழில் இருக்கிறது, பட்டன்கூடத் தயாராக இருக்கிறது.

சபையில் நாக்கைத் திருப்பிப் போடுவது உனக்குக் கஷ்டம்தான், தெரியும். உன்னை வளர்த்தவள் நான், தப்பு என்று ஒத்துக்கொள்ள நீ எவ்வளவு நேரம் மூலையில் நிற்பாய் என்று எனக்குத் தெரியாதா? நீ பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி, இந்த முறை நான் உன் பேச்சைக் கேட்டு ஓட்டுப் போடப் போவதில்லை. இதுவரை உன் சொல்லை நான் தட்டியதில்லை. முதுகுக்குப் பின்னால் செய்யக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

இப்போது நலத்துக்கு வருகிறேன். உன் மாமா நலம். உன் மருமகள் நலம், மாமா எப்போ வருவார் என்று கேட்டு என்னை அரிக்கிறாள். நான் நலம் என்று எழுதினால் நீ பார்க்காமலே நம்பிவிடுவாய், அதனால் எழுதவில்லை.

நீ எந்த ஊரில் இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், நல்ல காற்றைச் சுவாசித்துக்கொண்டு, நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

உன் பிரியமுள்ள
அக்கா

பின்குறிப்பு: பால் தீர்ந்ததும் டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, குலுக்கிக் கொட்டிவிட்டுப் போடு. மூடியையும் தனியாகக் கழற்றிப் போடு. அது என் கைக்கே வந்து சேரும் என்று சொல்லவில்லை. வந்தாலும் வரும்.