குலுக்கக் கூடாத ரத்தம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம், நான் வேலை பார்க்கும் ஆய்வகமே சோதித்துச் சொல்லிவிட்டது. கருப்பைப் புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் ஒரு நொதி அளவுக்கு மீறி வேலை செய்கிறதா என்று பார்க்கிறோம். ஒப்பிட நோயில்லாத பெண்ணின் ரத்தம் வேண்டுமென்று என்னுடையதைக் கொடுத்தேன். அளவு எகிறியது. என்னை நிமிர்ந்தும் பார்க்காத மேலாளர், "உட்காரும்மா, டீ சாப்பிடுறியா?" என்றார், அப்போதுதான் பயந்தேன். கடைசியில் பார்த்தால், குழாயை மருந்து பாட்டில்போல் நான் குலுக்கியதில் ரத்த அணுக்கள் உடைந்து நொதி வெளியே வந்திருக்கிறது. மறுபடி எடுத்ததில் எல்லாம் சரி. டீயும் நின்றுவிட்டது.

மாதவிலக்கு நின்ற பிறகும் உனக்கு ரத்தம் படுவதாக அக்கா சொன்னாள். "வெறும் சூடுடி" என்றாயாம். எங்கள் சோதனை ஆஸ்பத்திரிக்கு வர வருடங்கள் ஆகும். நீ நாளையே டாக்டரிடம் போ. அக்காவையும் உள்ளே கூட்டிக்கொள். முடிவு வரும்வரை பக்கத்தில் ஆளில்லாமல் உட்காருவது லேசில்லை, அம்மா.

உன் சின்னவள்