ஒரு கோப்பைத் தேநீரைக் கூலியாகக் கொள்ளாதிருக்க வேண்டி

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பிளம்பர்,
ஓய்வுக்கால வசிப்பு அட்டைதாரர்,
தையற்கடைக்குப் பின்புறம், தரைத்தள அறை.

பெறுநர்:
மேல்முறையீட்டு அதிகாரி அவர்கள்,
அயல்நாட்டார் வசிப்பு அனுமதி அலுவலகம்.

பொருள்: நான் வேலை பார்த்துக் கூலி பெற்றதாகக் கூறி, வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது – மறுபரிசீலனை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் என் நாட்டில் ஒரு மருத்துவமனையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் ஓய்வூதியம் அங்கே வாடகைக்கும் மருந்துக்குமே போதவில்லை. மகன் வீட்டில் எட்டு மாதம் இருந்தோம். மருமகள் ஒரு சொல் குறைத்துப் பேசியதில்லை. ஆனாலும் கூடத்தில் படுப்பவர்கள், வீட்டார் எழுவதற்குமுன் எழுந்து படுக்கையைச் சுருட்டியாக வேண்டும். அதே ஓய்வூதியத்தில் தங்கள் நாட்டில் கௌரவமாக வாழலாம் என்று அறிந்து, மூன்றாண்டுகளுக்கு முன் நானும் மனைவியும் வந்தோம். எங்கள் அறைக்குப் படி கிடையாது. மனைவியின் முழங்காலுக்கு அதுவே பெரிய வைத்தியம்.

2. வசிப்பு அட்டையின் ஏழாம் நிபந்தனைப்படி ஓய்வுபெற்றோர் எந்த வேலையும் செய்யக்கூடாது. அது நியாயமே. உள்ளூர் பிளம்பரின் வயிற்றில் அடிக்க நான் வரவில்லை. மூன்றாண்டுகள் சும்மாதான் இருந்தேன். அது அவ்வளவு எளிதல்ல ஐயா. என் தொழிலில் அதற்குப் பயிற்சி தரவில்லை.

3. சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி அனுமதியைப் புதுப்பிக்க வந்தோம். எங்கள் டோக்கன் எண் எண்பத்து நான்கு. அப்போது முப்பத்தொன்றை அழைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் உட்கார்ந்த பெஞ்சுக்குப் பின்னால் கழிப்பறை. அதில் மூன்றாவது வாஷ்பேசின் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் பொறுத்தேன். மனைவி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணயர்ந்த நேரம் பார்த்து எழுந்து போய்விட்டேன். பையில் ஒரு சிறு ஸ்பானர் இருந்தது. எப்போதும் இருக்கும், வெளியே எடுத்து வைக்க மனம் வந்ததில்லை. குழாயின் வாஷர் தேய்ந்திருந்தது. என் செருப்பின் குதிகால் ரப்பரில், சாவிக்கொத்தில் இருந்த நகவெட்டிக் கத்தியால் ஒரு வளையம் வெட்டிப் போட்டேன். சொட்டுவது நின்றது.

4. அங்கே துப்புரவுப் பணி செய்யும் அம்மையார், "ரெண்டு மாசமா இந்தச் சத்தம் கேட்டுக் கேட்டு ஒரே தலைவலிண்ணே, இதக் குடிங்க" என்று தம் பிளாஸ்கிலிருந்து ஒரு கோப்பைத் தேநீர் தந்தார். பாதியை நான் குடித்தேன். மீதியை மனைவிக்குக் கொடுத்தேன். பிறகு நான்காம் கவுண்டர் அலுவலர், சட்டைக் கை ஏன் நனைந்திருக்கிறது என்று கேட்டார். மறைக்கத் தெரியாமல் நடந்ததைச் சொன்னேன். அதையே வாக்குமூலமாக எழுதிக்கொண்டார். "அலுவலக வளாகத்திலேயே கருவியுடன் வேலை செய்து, கூலியாகத் தேநீர் பெற்றார்" என்று ஆணை வந்திருக்கிறது. முப்பது நாளில் வெளியேற வேண்டுமாம்.

5. ஆணையைப் படித்துக் காட்டியதும் மனைவி, "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்துட்டீங்களே" என்றாள். மூன்றாம் நாள் பெட்டியை இறக்கித் துடைக்கத் தொடங்கினாள். மகன் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அவள் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறுவதை நினைத்தால், இங்கே உட்கார்ந்திருக்கும் எனக்கு மூச்சு வாங்குகிறது.

6. ஒருவர் சொல்லிச் செய்வதும், கூலிக்குச் செய்வதும் வேலை. என்னை யாரும் செய்யச் சொல்லவில்லை. அந்தத் தேநீர் கூலி என்றால் அதைத் தந்தவர் முதலாளியாகிவிடுவார். அவர் சம்பளத்துக்கு அது தாங்காது ஐயா. குற்றம் என்னுடையது, அவர்மீது நடவடிக்கை வேண்டாம்.

ஆகவே, ஆணையை ரத்து செய்து எங்கள் அனுமதியைப் புதுப்பித்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். ஸ்பானரை இத்துடன் ஒப்படைக்கிறேன். இனி அயலார் குழாய் எதையும் தொடமாட்டேன் என்றும் உறுதி கூறுகிறேன்.

ஒன்றை மட்டும் தெரிவிப்பது என் கடமை. செருப்பு ரப்பர் ஆறு மாதத்துக்குமேல் தாங்காது. அதற்குள் உள்ளூர் பிளம்பர் ஒருவரைக் கொண்டு நல்ல வாஷர் போடச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு நாங்கள் அதே பெஞ்சில் உட்காரும்போது அந்தக் குழாய் சொட்டினால், மனைவி என் சட்டையைப் பிடித்திருப்பதைத் தவிர என் உறுதிமொழிக்கு வேறு பிணை இல்லை.

இடம்: தரைத்தள அறை
நாள்: ஆணை கிடைத்த ஒன்பதாம் நாள்

இப்படிக்கு,
டோக்கன் எண் எண்பத்து நான்கு
(கையொப்பம்)

பிணை: மனைவி (கையொப்பம்)

இணைப்பு: மறுப்பாணை நகல் ஒன்று, ஸ்பானர் ஒன்று.