சேதுராயன் தலைக்குள் யாருடைய கோடு?

நாள் 211 – 09:10
செவ்வாய்ச் சுற்றுப்பாதை. எழுதுவது மருத்துவர் ஸ்டெல்லா ஞானதீபம். கப்பலில் நானும் விமானி சேதுராயனும்தான். அவருக்கு வலது கை நடுக்கம் முற்றிவிட்டது. உணவு நான்கு நாளுக்கு இருக்கிறது, கிடங்கு கீழே தரையில். நாளை கப்பலை அவர்தான் இறக்க வேண்டும். எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆழ்மூளையில் உடைத்த பட்டாணி அளவுள்ள முடிச்சில் மின்கம்பி வைத்தால் நடுக்கம் அடங்கும். ஸ்கேன் படத்தில் முடிச்சின் எல்லையை, ஆட்கள் கோடு போட்ட படங்களைப் பார்த்துக் கற்ற நியூரல் நெட்வொர்க் வரையும், ரோபோ கை கம்பியை இறக்கும்.

09:42
கோடு வந்துவிட்டது. நம்பிக்கை 97%. முடிச்சின் கன அளவு 131.4 கன மில்லிமீட்டர். படு நேர்த்தி. அதுதான் உறுத்துகிறது. நடுக்கத்தில் தலையும் ஆடியதால் படம் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருக்கிறது. எனக்கே ஒன்றும் தெரியவில்லை, இதற்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

11:05
நானே ஸ்கேனரில் படுத்து, வேண்டுமென்றே தலையை ஆட்டினேன். கோடு வந்தது. 131.4. தசமம்கூடப் பிசகவில்லை. இருவருக்கும் ஒரே முடிச்சாம்! பூமிக்கு எழுதிக் கேட்டேன்: கலங்கிய படங்களை இதற்கு எப்படிக் கற்றுக்கொடுத்தீர்கள்?

13:30
பூமியிலிருந்து: "டாக்டர், ஆயிரம் பேருக்குச் சரியா வந்திருக்கு. யோசிச்சிட்டே இருந்தா லேண்டிங் போயிடும். ஆரம்பிங்க. படத்துக்குக் கோடு போட்டவங்ககிட்டயும் கேட்டுச் சொல்றோம்."
ஆயிரம் பேரில் எத்தனை பேர் தலையை ஆட்டினார்கள்? அதைச் சொல்லக் காணோம்.
சேதுராயன், விமானி அறையிலிருந்து ஹெட்செட்டில்: "டாக்டரம்மா, பட்டினி கிடந்து சாகறதுக்கு இது தேவல. போடுங்க."
எனக்கு மனசே இல்லை. சரி என்றுவிட்டேன்.

15:20
கம்பி உள்ளே போய் ஆறு நிமிடம். இப்போது வந்த செய்தி:
"மேடம், நான் நசீமா. அந்தப் படங்களுக்குக் கோடு போட்டவ. கலங்கின படத்துல ஒண்ணுமே தெரியாது. தினம் நூறு முடிக்கணும்னாங்க. ஒரு நல்ல படத்தோட கோட்டையே எடுத்து எல்லாத்துலயும் ஒட்டிட்டோம். தயவுசெஞ்சு ஆரம்பிச்சிடாதீங்க மேடம்."
அவள் இதைச் சொல்லிப் பதினான்கு நிமிடம் ஆகிறது; பூமியிலிருந்து செய்தி இங்கே வர அவ்வளவு நேரம். அப்போது கம்பி இன்னும் உள்ளே போயிருக்கவில்லை.

15:31
கம்பியை எடுத்துவிட்டேன். சேதுராயன் விழித்தபடி சிரிக்கிறார். "டாக்டரம்மா, கை நின்னுடுச்சு பாருங்க!"
உண்மைதான். துளி ஆட்டமில்லை.
விரல்களை மடக்கச் சொன்னேன்.
"மடக்கிட்டேனே" என்கிறார்.
விரல்கள் நீட்டியபடியே கிடக்கின்றன.