எண் கிடைக்காத ரூபாய்

அண்ணே,

கூரியரில் வந்த அட்டைப்பெட்டி நாலு நாளாகச் சாப்பாட்டு மேஜையில் திறந்தபடி கிடக்கிறது. உள்ளே உன் காசுகள். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வில்லைக்குள் வைத்து மூடி, மேலே தரத்தை அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். பதினொரு காசுக்கு எண் இருக்கிறது. உன் விக்டோரியா ராணி வெள்ளி ரூபாய்க்கு மட்டும் இல்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் 'க்ளீன்ட்' என்று ஒரே வார்த்தை. தேய்த்துச் சுத்தம் செய்த காசுக்கு எழுபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட மாட்டார்களாம்.

அனுப்பச் சொன்னது நான்தான். நீ போய்ச் சேர்ந்த பிறகு, தம்பி மகனிடம் கொடுப்பதற்கு முன்னால் எல்லாவற்றுக்கும் ஒரு சான்று வாங்கிவிடலாம் என்று உன் சனிக்கிழமைக் காசுக் கூட்டத்துக் கூட்டாளி, பெஹாலாவிலிருந்து வருகிற தாதாவைக் கூப்பிட்டேன். அவர் காசுகளைப் பிரித்து அடுக்கும்போது இந்த ரூபாயை மட்டும் ஒதுக்கி வைத்தார். "ஓட்டா தாக், திதி" என்றார். அது கிடக்கட்டும், அக்கா என்று. நான் விட்டால்தானே? எங்கள் அண்ணனிடம் இருந்ததிலேயே உசத்தியான காசு அதுதான் என்று அடம்பிடித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.

தரம் போடுவதில் நீ எவ்வளவு கறார்! விளிம்பைத் தவிர வேறெங்கும் விரல் படாமல் பிடித்து, மேஜை விளக்குக்குக் கீழே மெதுவாகச் சாய்ப்பாய். ராணியின் கன்னமும் கிரீடமும்தான் முதலில் தேயும், அங்கேதான் பார்க்க வேண்டும் என்பாய். உங்கள் பாஷையில் 'குட்' என்றால் முகமே தேய்ந்துபோனது, 'ஃபைன்' என்றால் பாதி தேய்ந்தது. இது தெரியாமல் நான் என் ரசத்துக்கு நீ கொடுத்த 'ஃபைன்'களை வருஷக்கணக்காகப் பாராட்டு என்று நினைத்திருந்தேன். விஷயம் தெரிந்த அன்று உனக்கு இரண்டாம் தடவை ரசம் ஊற்றவில்லை. உன் சொந்தக் காசுக்குத்தான் நீ இன்னும் குறைத்துப் போடுவாய். "எங்கிட்ட இருக்குங்கதுக்காவ அதுக்கு அரை மார்க்கு கூடப் போட முடியுமாட்டி?" என்பாய்.

அந்த ரூபாய்க்கு நீ அறுபத்து மூன்று போட்டிருந்தாய். நீ போட்ட மார்க்கிலேயே பெரிது அதுதான். ராணியின் முகத்தைச் சுற்றி ஊதாவும் கருப்புமாக ஒரு நிறம் படர்ந்திருந்தது. காசு தானாகப் போட்டுக்கொள்கிற நிறம், அதைத் தொடவே கூடாது என்று நீ சொல்லியிருப்பாய். நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன். என் கண்ணுக்கு அது அழுக்கு.

ஒரு வருஷம் லொக்கி பூஜோ, இங்கத்து லட்சுமி பூஜை, அன்று நீ லேக் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாய். மாடி வீட்டு மாஷிமா லட்சுமிக்கு முன்னால் வெள்ளி ரூபாய் வைப்பதைப் பார்த்துவிட்டு வந்த எனக்கும் ஆசை. உன் பீரோவைத் திறந்து அந்த ரூபாயை எடுத்தேன். இவ்வளவு கருத்துக் கிடக்கிறதே என்று, குங்குமச் சிமிழுக்குப் போடுகிற மாதிரி திருநீறைத் தொட்டு, துணியால் பளபளவென்று தேய்த்து, கோலத்தின் நடுவில் வைத்தேன். தாக்குரியாவுக்கு வந்து இத்தனை வருஷத்தில் பூஜை இவ்வளவு அழகாக அமைந்ததில்லை என்று பெருமை வேறு.

நீ பைகளோடு வந்து வாசற்படியிலேயே நின்றாய்.

"எத வச்சுத் தேய்ச்ச?"

"திருநூறுதான்."

"துணி?"

"உன் பழைய வேட்டி."

பைகளைக் கீழே வைத்தாய். "நல்லா வெளிச்சமாத்தான் இருக்கு" என்றாய். அவ்வளவுதான். நான் செய்த கிச்சுடியைச் சாப்பிட்டாய். அன்று அதற்கு மார்க் போடவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

பெட்டி வந்த மறுநாள் தாதாவைக் கூப்பிட்டு, இது என்ன 'க்ளீன்ட்' என்று கேட்டேன். அவருக்குச் சொல்ல மனசே இல்லை. அந்த வருஷக் குளிர்காலக் காசுக் கண்காட்சியில் உன் ரூபாய்க்கென்று நடுப்பெட்டியை ஒதுக்கி வைத்திருந்தார்களாம். நீ வெறுங்கையோடு போய், "ஆசை தாங்காமல் நானே தேய்த்துவிட்டேன்" என்று சொன்னாயாம். உங்கள் கூட்டத்தில் அதைவிடக் கேவலம் இல்லையாம். எல்லாருக்கும் அரை மார்க் குறைக்கிறவர், சொந்தக் காசைப் பாத்திரம் மாதிரி விளக்கியிருக்கிறார் என்று ஒருவர் சிரித்தாராம். அதற்கப்புறம் நீ எந்தக் காசைக் கையில் எடுத்தாலும், முதலில் கழுவிவிட்டு மார்க் போடுங்கள் என்பாராம். மூன்று சனிக்கிழமை போனாய். பிறகு போகவில்லை.

என்னிடம் முட்டி வலிக்கிறது என்றாய். "பெரிய மனுஷனுக்கும் ஒரு சபலம் வந்துவிடுகிறது, திதி" என்றார் தாதா. நான் அவருக்கு டீ ஊற்றினேன். தேய்த்தது நான் என்று சொல்லவில்லை. அவர் போன பிறகுதான் என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

நீ எனக்காகச் சொன்ன பொய்யை நானே உடைப்பதா? உடைக்காவிட்டால் உன் பேர் அங்கே அப்படியே கிடக்குமே. இரண்டு நாள் இந்த மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நேற்றுச் சனிக்கிழமை. பிளாஸ்டிக் வில்லையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, தர்மதலாவில் உங்கள் கூட்டம் நடக்கிற மாடி அறைக்கு ஏறிப் போனேன். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எனக்குத் தெரிந்த வங்காளியில், தேய்த்தது நான், என் அண்ணன் இல்லை என்று சொன்னேன். திருநீறு என்றால் என்னவென்று விளக்கத்தான் கொஞ்சம் கஷ்டப்பட்டேன்.

சிரித்தவரும் இருந்தார். தாதாதான் அடையாளம் காட்டினார். அந்த மனுஷர் இப்போது நன்றாகத் தளர்ந்திருந்தார். காசை வாங்கி, நீ செய்வதைப் போலவே விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார். கன்னம் தேயவே இல்லை, உங்கள் அண்ணன் போட்ட அறுபத்து மூன்று சரிதான் என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பாமல், எங்களிடம் சொல்லியிருக்கலாமே, உங்களை நாங்கள் என்ன செய்துவிடப் போகிறோம் என்றார். நீங்கள் சிரிப்பீர்கள் என்று அவனுக்குத் தெரியும், அந்தச் சிரிப்பு என் மேல் விழ வேண்டாம் என்று நினைத்திருக்கிறான் என்று எப்படிச் சொல்ல? உன் பேர் அங்கே சரியாகிவிட்டது, அண்ணே. அதுவரைக்கும் நிம்மதி.

மெட்ரோவில் திரும்பி வரும்போதுதான் இன்னொன்று மனசைப் பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் இல்லாமல் போன பிறகு நான் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். என்னை ஒரு நாள் நீ பாரமாக நினைத்ததில்லை. நீ கூட்டத்துக்குப் போவதை நிறுத்திய பிறகு ஒன்பது வருஷம், சனிக்கிழமை தோறும் வீட்டில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாய். நான் தரை துடைக்கும்போது காலைத் தூக்கிக்கொள்வாய். "ஆம்பிள இப்பிடி வீட்டுலயே அடஞ்சு கெடந்தா நான் என்னைக்குத்தான் நிம்மதியா இருக்கது? எங்கயாவது போயேன்" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய், ஏரிக்கரையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாய்.

காசைத் தேய்த்ததைச் சொல்ல எனக்கு ஒரு மாடி அறையும் ஏழெட்டுப் பேரும் இருந்தார்கள். இதைச் சொல்ல நீ ஒருவன்தான் இருந்தாய்.