அண்ணனின் அங்க அடையாளங்கள்

விவேக் நகர், பெங்களூர்
14.7.2003

அன்புள்ள அப்பாவுக்கு, பாமா வணக்கத்துடன் எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

ஆபீசில் ஒரு வேடிக்கை. எல்லா கம்ப்யூட்டர்களையும் தேடிக் கணக்கெடுக்கும் சாப்ட்வேரைப் போன வாரம் ஓடவிட்டேன். பெயர் மாற்றி வைத்தவற்றைக்கூட, உள்ளே இருக்கும் நெட்வொர்க் கார்டின் எண்ணை வைத்து அது கண்டுபிடித்துவிட்டது. கார்டு மாற்றிய ஒன்றை மட்டும் காணவில்லை என்றது. அதுவோ என் மேசையிலேயே இருந்தது! எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணனை பீன்யா பக்கம் பார்த்ததாக மாமா சொன்னாரே, சனிக்கிழமை அங்கே போய் போலீஸ் ஸ்டேஷனில் கேட்டேன். அவன் வீட்டை விட்டுப் போய் நான்கு வருஷம் என்றதும் ஏட்டு போட்டோவைத் திருப்பித் தந்துவிட்டார். “பேரு, முகமெல்லாம் மாறிடும்மா. மச்சம், தழும்பு ஏதாச்சும் ஹேளி, சொல்லும்மா,” என்று கன்னடம் கலந்து கேட்டார். ஒரே வீட்டில் வளர்ந்தவள், எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பீரோவில் அவனுடைய பள்ளிக்கூட டி.சி. இருக்கும். அதில் போட்டிருக்கும் இரண்டு அங்க அடையாளங்களை எழுதி அனுப்புங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது, நிறுத்துகிறேன்.

அம்மாவிடம் மட்டும் கேட்காதீர்கள். டி.சி.யைப் பார்க்காமலேயே சொல்லிவிடுவாள். அப்புறம் சாப்பிட மாட்டாள்.

உங்கள் மகள்,
பாமா