பியோன் சோரா கொண்டுவந்து வைத்த நூடுல்ஸ் கிண்ணம்

முக்கோ துறைமுகம்
சந்திரப் புத்தாண்டு கழிந்த வாரம்

அன்பு மகள் ஹேரானுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி மகாராணியும் சாவ் பாவ்லோ வெயிலில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் சுகம், என் முழங்கால் சுகமில்லை, தனித்தனியாக எழுதினால் தபால்செலவு என்று இருவரும் சேர்ந்து ஒரே கடிதமாக எழுதுகிறோம். குளிர் எப்படியென்றால், நேற்று வாசலில் நின்று ஒரு தும்மல் போட்டேன், அது கட்டியாக உறைந்து விழுந்து பக்கத்து வீட்டுப் பூனை நொண்டுகிறது. போனில் பேசாமல் ஏன் எழுதுகிறார் என்று யோசிப்பாய். என் குரலில் ரகசியம் பேச வராது, நான் கிசுகிசுத்தால் கலங்கரை விளக்கத்துக்காரன் பதில் சொல்வான். அம்மா காதில் விழக்கூடாது. புத்தாண்டிலிருந்து அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள்.

பியோன் சோராவை உனக்கே தெரியும், அம்மாவின் சாயங்கால சீரியல் நடிகை. அந்த அரைமணி நேரத்தில் வீடு பற்றி எரிந்தாலும், விளம்பரம் வரட்டும், அணைக்கலாம் என்பாள் உன் அம்மா. அதில் சோராவின் புருஷன் கடலில் போனவன். போன மாதம் கண்டுபிடித்துவிட்டார்கள், பழசெல்லாம் மறந்துபோய் எங்கோ ஒரு ஊரில் நூடுல்ஸ் கடையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தானாம். அன்றைக்கு அம்மா எழுந்து நின்று கை தட்டினாள். பார்த்தீங்களா, கடல்ல போனவனெல்லாம் செத்தவன் இல்ல, என்றாள் கேஸ் ஜெயித்த வக்கீல் மாதிரி. உன் அண்ணன் மான்சோக்கின் படகிலிருந்து பலகைகள் வந்தன, கூடப் போனவர்களின் உடல்கள் வந்தன, அவன் மட்டும் வரவில்லை. அதனால்தான் அவனுக்காக ஒரு சடங்கும் செய்ய அவள் விடவில்லை. வெளியே போன பிள்ளை பசியோடு வருவான் என்று தினமும் அவன் கிண்ணத்தில் சோறு போட்டு மூடி, அடியில் கணப்பு ஓடும் சூடுதரையில் கதகதப்பான மூலையில் போர்வைக்குள் வைப்பாள். மறுநாள் காலை அது எனக்கு. பதினோரு வருஷமாக மகன் மிச்சம் வைத்ததைத் தின்று வளர்ந்த தொப்பை இது.

புத்தாண்டன்று வாழ்த்துச் சொல்ல கும்சுன் அத்தை வந்திருந்தாள். டிவியில் ஏதோ ஒரு படம் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது, எந்தப் படமென்று யாருக்கும் தெரியாது. ஒரு சந்தை, ஒரு நூடுல்ஸ் கடை, ஒரே ஆவி. பின்னால் ஒரு மேஜையில் கடையையே விலைக்கு வாங்கியவன் போலக் காலை விரித்து உட்கார்ந்துகொண்டு, சாப்பாட்டுக் குச்சியின் தடித்த முனையால் காதைச் சொறிந்து சொறிந்து ஒருவன் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தான். ஹேரான், இந்தப் பூமியில் அந்தக் கெட்ட பழக்கம் ஒருத்தனுக்குத்தான் உண்டு. அம்மா கையிலிருந்த சூப் கிண்ணம் விழுந்தது. ஏங்க, மான்சோக்குங்க, நம்ம மான்சோக்கு, நூடுல்ஸ் கடையில இருக்கான், மெலிஞ்சுட்டான் பாருங்க, சாப்பிடுறான், சாப்பிடுறான், என்று கத்திக்கொண்டு போய் டிவியில் கையை வைத்தாள். கும்சுன், டிவிக்காரங்களுக்குப் போன் போடுடி, எந்த ஊர்னு கேளு, என்றாள். அதற்குள் கோட்டை மாட்டிவிட்டாள், ஒரு காலில் சாக்ஸும் ஏறிவிட்டது.

எனக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. அவன் தாடையில் தழும்பு இல்லை. கணவாய் மீன் பிடிக்கும் தூண்டில் கிழித்ததே, அது நடப்பதற்கு முந்தைய முகம். திமிங்கலத்தின் முதுகில் உட்கார்ந்து உல்லுங் தீவுக்குப் போனேன் என்று ஊரையே நம்பவைத்தவன் நான், அந்த நேரத்தில் உண்மையும் வரவில்லை, பொய்யும் வரவில்லை. கும்சுன் அத்தை என்னைப் பார்க்கிறாள், நான் போனைப் பார்க்கிறேன்.

அப்போது கடைக்காரப் பெண் இன்னொரு கிண்ணத்தோடு திரும்பினாள். உன் அண்ணன் முன்னால் வைத்துவிட்டுச் சிரித்தாள். உதட்டோரத்து மச்சம், சிரிக்கும்போது இடது தோள் மட்டும் ஏறுவது, அம்மாவுக்கு அதெல்லாம் தன் உள்ளங்கையைவிட நன்றாகத் தெரியும். ஐயோ, இது சோரா, என்றாள் மெதுவாக. கும்சுன், நம்ம சோராடி, சின்னப் பொண்ணா இருக்காளே, என்றாள். கல்யாண வயதுப் பெண்ணுக்குத் தாயாக சீரியலில் வருகிறவள், அங்கே கன்னம் வழவழவென்று நிற்கிறாள். அம்மா அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ இவ்வளவு சின்னவளா இருந்தப்ப எடுத்ததா, என்றாள். பிறகு உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினாள். படத்தில் கார்கள் ஒன்றையொன்று துரத்த ஆரம்பித்தன.

ராணுவச் சேவை முடித்து பூசான் சந்தையில் மூட்டை தூக்கிவிட்டு வந்தானே, சினிமாவில் நடித்தேன் என்றானே, ஞாபகம் இருக்கிறதா? டைரக்டர் ஒன்ஸ்மோர் ஒன்ஸ்மோர் என்று கத்த ஏழு கிண்ணம் தின்றேன், கிண்ணம் வைக்கிற பொண்ணு ஒவ்வொரு தடவையும் மன்னிச்சுக்குங்க மன்னிச்சுக்குங்கன்னு காதுல சொல்லுச்சு என்றானே. நாம் எல்லோரும் உருண்டு சிரித்தோம். நீ அவனை ஒரு வாரம் ஹீரோ சார் என்று கூப்பிட்டாய். இந்தப் புத்தாண்டன்று படம் முடிந்ததும் அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள், அவன் பொய் சொல்லலைங்க, என்று.

அன்று சாயங்காலம் அவள் டிவி போடவில்லை. கிண்ணத்தில் சோறும் போடவில்லை. மூலையில் போர்வை தட்டையாகக் கிடந்தது. அவன் வருவான் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை, உனக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தட்டைப் போர்வையை என்னால் பார்க்க முடியவில்லை. நானே சோறு வடித்தேன், அலைத்தடுப்புச் சுவருக்குப் பூச ஏற்ற சோறு. கிண்ணத்தில் போட்டு மூடிப் போர்த்தினேன். அம்மா திரும்பிப் பார்த்து, இனி யாருக்குங்க, என்றாள். நூடுல்ஸ் தின்னவனுக்குப் பசி அடங்குமாடி, சோறு கேப்பான், என்றேன். சிரிக்கவில்லை. அழவுமில்லை. திரும்பவும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் அந்தக் கிண்ணம் என் வேலை. கும்சுன் அத்தை கொண்டுவரும் கஞ்சியில் ரெண்டு கரண்டி இறங்குகிறது, அவ்வளவுதான்.

சத்து மாத்திரை அனுப்பாதே. வர முடிந்தால் வா, முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுப் பேத்தியைப் பேசவிடு. படத்தைப் பற்றி வாய் திறக்காதே. மாப்பிள்ளைக்கு என் ஆசி, பேத்திக்கு மலையளவு முத்தம். நீ வேளைக்குச் சாப்பிடு, ஆறவிட்டுச் சாப்பிடாதே.

நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை, நீயாவது நம்பு. தினமும் காலையில் அந்த மூடியைத் திறக்கும்முன் ஒரு நொடி கை நிற்கிறது, சோறு கொஞ்சம் குறைந்திருக்குமோ என்று.

துறைமுகம் முழுவதற்கும் மாமா, உனக்கு மட்டும் அப்பா,
தாக் பியோங்கில்